ஊட்டிக்கு ஒரு ஆயில், மேட்டுப்பாளையத்துக்கு ஒரு ஆயிலா?



ஆட்டோமொபைல் பிரிவில் படிக்கிறோம் என்று வெளியில் சொல்லிவிட்டால் போதும். கல்யாண வீடோ, காதுகுத்தோ, பந்தியில் இலை போடுவதற்குள் பக்கத்து நாற்காலிக்காரர் நம் பக்கம் திரும்பிவிடுவார். "தம்பி, நம்ம வண்டிக்கு எந்த ஆயில் ஊத்தலாம்?" கம்ப்யூட்டர் பிரிவு நண்பர்களிடம் செல்போன் ரிப்பேர் கேட்பது மாதிரி, நம்மிடம் இது. பல நேரம் நம் பதிலுக்குக் காத்திருக்கக்கூட மாட்டார்கள். பதிலையும் அவர்களே சொல்லிவிடுவார்கள்: "நம்ம ஊரு வெயிலுக்குக் கெட்டி ஆயில்தானுங்க சரி. இப்ப வர்றதெல்லாம் தண்ணியாட்டம் இருக்குது."

இந்த ஒரு வாக்கியத்தைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை. இது முழுப் பொய்யும் அல்ல, முழு உண்மையும் அல்ல. எது எவ்வளவு என்பதை நான் வகுப்பறையில் பாதியும், பயிற்சிக்குப் போன மேட்டுப்பாளையம் ஒர்க்‌ஷாப்பில் மீதியும் தெரிந்துகொண்டேன். அந்த மீதிப் பாதியில் என் சித்தப்பாவின் பிழைப்பும் சேர்ந்திருந்ததால், பாடம் நன்றாகவே மனசில் பதிந்துவிட்டது.

டப்பாவில் இருக்கும் இரண்டு எண்கள்

ஆயில் டப்பாவில் 20டபிள்யூ-40 என்று போட்டிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். இந்த எண்களை வகுத்தது அமெரிக்காவின் எஸ்.ஏ.இ. என்னும் வாகனப் பொறியாளர் சங்கம். இன்ஜின் ஆயிலைப் பாகுத்தன்மைப்படி தரம் பிரிக்கும் வேலையை அவர்கள் 1911-லேயே தொடங்கிவிட்டார்கள். இன்றைக்கு நடைமுறையில் உள்ள பட்டியலுக்கு ஜே300 என்று பெயர்.

இதில் 'டபிள்யூ' என்பது 'வெயிட்' என்று பலர் நினைக்கிறார்கள். அது 'விண்டர்', அதாவது குளிர்காலம். டபிள்யூவுக்கு முன்னால் இருக்கும் எண், கடுங்குளிரில் ஸ்டார்ட்டர் மோட்டார் இன்ஜினைச் சுற்ற முடியுமா, பம்பு ஆயிலை இழுக்குமா என்று சோதித்துக் கொடுப்பது. ஸ்டார்ட்டிங் சோதனையை 20டபிள்யூ ஆயிலுக்கு மைனஸ் 15 டிகிரியிலும், 10டபிள்யூவுக்கு மைனஸ் 25-லும், 5டபிள்யூவுக்கு மைனஸ் 30-லும், 0டபிள்யூவுக்கு மைனஸ் 35-லும் செய்கிறார்கள்.

பின்னால் இருக்கும் எண், இன்ஜின் சூடேறிய பிறகு உள்ள நிலை. 100 டிகிரியில் அளக்கிறார்கள். அளவின் பெயர் சென்டிஸ்டோக்ஸ். 20 டிகிரியில் இருக்கும் சாதாரணத் தண்ணீர் இந்தக் கணக்கில் சுமார் 1. ஆயிலில் 20 என்ற தரத்துக்கு 6.9 முதல் 9.3 வரை, 30-க்கு 9.3 முதல் 12.5 வரை, 40-க்கு 12.5 முதல் 16.3 வரை, 50-க்கு 16.3 முதல் 21.9 வரை. ஆக, 40 என்பது ஏதோ நாற்பது அளவு கெட்டி என்று பொருள் அல்ல. ரெடிமேட் கடையில் சட்டைக்கு சைஸ் சொல்வது போல ஒரு பெயர்தான்.

முன்காலத்தில் ஒற்றை எண் ஆயில்தான். குளிர் நாடுகளில் பனிக்காலத்துக்கு ஒன்று, கோடைக்கு ஒன்று என்று மாற்றி மாற்றி ஊற்றுவார்கள். அப்புறம் வந்ததுதான் மல்டிகிரேடு. மெல்லிய ஆயிலில் ஒருவகை பாலிமரைச் சேர்க்கிறார்கள். குளிரில் அது சுருண்டு கிடக்கும், ஆயில் ஓட்டத்தைத் தடுக்காது. சூடேறினால் விரிந்துகொள்ளும், ஆயில் ஒரேயடியாக நீர்த்துப்போகாமல் பிடித்துக்கொள்ளும். கவனியுங்கள், சூட்டில் ஆயில் கெட்டியாவது இல்லை. எந்த ஆயிலும் சூட்டில் இளகத்தான் செய்யும். மல்டிகிரேடு கொஞ்சம் குறைவாக இளகும், அவ்வளவே.

நம் ஊர்க் கதைக்கு வருவோம். ஊட்டியில் மார்கழி, தை மாதங்களில் உறைபனி விழும். வெப்பநிலை பூஜ்யத்தை ஒட்டி இறங்கும். ஆனால் மைனஸ் 15 என்பது அங்கே கிடையாது. அப்படியானால் 20டபிள்யூ ஆயில் ஊட்டிக் குளிரிலும் ஸ்டார்ட் ஆகிவிடும் அல்லவா? ஆகும். சந்தேகமே இல்லை. "அப்புறம் எதுக்குத் தம்பி நமக்கு 0டபிள்யூ, 5டபிள்யூ எல்லாம்?" என்று கேட்டால் அதுவும் நியாயமான கேள்விதான். அதைத்தான் ஒர்க்‌ஷாப் மேஸ்திரியும் என்னிடம் கேட்டார்.

சித்தப்பாவின் வண்டி

என் சித்தப்பா மேட்டுப்பாளையத்தில் டூரிஸ்ட் டாக்ஸி ஓட்டுகிறார். ஒரே ஒரு வண்டி. ஓனரும் அவரே, டிரைவரும் அவரே, துடைக்கிற கிளீனரும் அவரே. பெரும்பாலும் ரயிலடியில் ஆளேற்றிக்கொண்டு குன்னூர் வழியாக ஊட்டி. கடல்மட்டத்திலிருந்து சுமார் 300 மீட்டர் உயரத்தில் கிளம்பும் வண்டி, ஐம்பது கிலோமீட்டருக்குள் 2,200 மீட்டர் உயரத்துக்கு ஏறிவிடும். கீழே புறப்படும்போது ஏ.சி. போடச் சொல்லும் பயணிகள், மேலே போனதும் கண்ணாடியை ஏற்றச் சொல்லுவார்கள். சீதோஷ்ணத்துக்கேற்ற ஆயில் எது என்று பரீட்சை வைக்க இதைவிட நல்ல ரூட் கிடைக்காது.

பழைய வண்டியை விற்றுவிட்டு, பி.எஸ்.-6 பெட்ரோல் வண்டி ஒன்றைத் தவணையில் எடுத்திருந்தார். நான் பயிற்சியில் இருந்தபோது ஒருநாள் மத்தியானம் வண்டியோடு ஒர்க்‌ஷாப்புக்கு வந்தார். முகமே சரியில்லை. மலை ஏறும்போது கொண்டை ஊசி வளைவுகளில் ஆயில் விளக்கு கண் சிமிட்டுகிறது என்றார். நேர் ரோட்டுக்கு வந்தால் அணைந்துவிடுகிறதாம்.

"ஸ்டாண்டுல எல்லாரும் ஒரே பேச்சு. கம்பெனி ஊத்தச் சொல்ற ஆயில் தண்ணி மாதிரி. நம்ம ஏத்தத்துக்கும் வெயிலுக்கும் நிக்காது. 20-50 ஊத்திடு, விளக்கு வராதுங்கறாங்க. ஊத்தறதுக்கு நான் ரெடி. ஆனா இன்ஜின் கைவிட்டுட்டா, இன்னும் 31 தவணை இருக்குது. அப்புறம் நான் என்ன பண்றது, சொல்லு?"

கடைசி வாக்கியத்தை அவர் என்னிடம் கேட்டாரா, மேஸ்திரியிடம் கேட்டாரா என்று எனக்குத் தெரியவில்லை. ஆயில் என்பது பரீட்சையில் ஐந்து மார்க் கேள்வி என்று இருந்த எனக்கு, அது ஒரு வீட்டு அரிசி, ஒரு பிள்ளையின் பள்ளிக்கூடம் என்று அந்த நிமிஷம் புரிந்தது.

மேஸ்திரிக்கு முப்பது வருஷத்துக்கு மேல் அனுபவம். அம்பாசடர் வண்டிகளிலேயே கை பழகியவர். (1958 முதல் 2014 வரை தயாரானது அம்பாசடர், நம்மில் பலர் அதை நின்றுபோன வண்டியாகத்தான் பார்த்திருப்போம்!) அவருடைய முதல் எண்ணமும் கெட்டி ஆயில் பக்கமே சாய்ந்தது. "20-40 போட்டே நான் எத்தனையோ வண்டியை ரெண்டு லட்சம் கிலோமீட்டர் தாண்ட விட்டிருக்கேனுங்க" என்றார். அது வெறும் பெருமை அல்ல. அவர் கையால் ஓடிய வண்டிகள் இன்னும் ஊருக்குள் ஓடுகின்றன.

நான் டேஷ்போர்டிலிருந்து கையேட்டை எடுத்துக் காட்டினேன். முதலில் 0டபிள்யூ-20 என்றும், மாற்றாக 5டபிள்யூ-30 என்றும் இரண்டே எண்கள் போட்டிருந்தன. 20-40-ம் இல்லை, 20-50-ம் இல்லை.

மேஸ்திரி அதை வாங்கிப் பார்த்துவிட்டு மூடி வைத்தார். "புக்கு என்ன வேணா சொல்லட்டும் தம்பி. மொதல்ல ஸ்டிக்கை உருவு."

நானே டிப்ஸ்டிக்கை உருவித் துடைத்து, மறுபடி விட்டு எடுத்தேன். ஆயில் கீழ்க்கோட்டைத் தொடவே இல்லை. நுனியில் மட்டும் ஒட்டியிருந்தது.

கெட்டி ஆயில் எதை மறைத்திருக்கும்?

பொதுவாக டிப்ஸ்டிக்கின் இரண்டு கோடுகளுக்கும் நடுவே சுமார் ஒரு லிட்டர். மொத்தமே மூன்றரை லிட்டர் பிடிக்கும் சின்ன இன்ஜின் அது. கீழ்க்கோட்டுக்கும் கீழே போய்விட்டதென்றால் ஒரு லிட்டருக்கு மேல் காணவில்லை என்று அர்த்தம். மிச்சமிருப்பது சம்ப்பின் அடியில் கிடக்கும். நேர் ரோட்டில் ஸ்ட்ரெய்னர் அதற்குள் முங்கியிருக்கும். கொண்டை ஊசியில் வண்டி சாய்ந்து திரும்பும்போது ஆயில் ஒருபக்கம் ஒதுங்கும், ஸ்ட்ரெய்னர் காற்றை இழுக்கும், பிரஷர் விழும், விளக்கு சிமிட்டும். இதில் ஆயிலின் கெட்டிக்கும் வெயிலுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை.

ஆயில் எங்கே போனது? வண்டியை லிஃப்டில் ஏற்றிப் பார்த்தோம். டிரெயின் பிளக்கைச் சுற்றி ஈரம், அதில் ரோட்டுத் தூசி அப்பிக்கொண்டு கருப்பாக ஒரு வளையம். முந்தைய ஆயில் மாற்றும்போது (அது வேறொரு இடம்) பழைய வாஷரையே திரும்பப் போட்டு முடுக்கியிருந்தார்கள். சொட்டுச் சொட்டாகப் போயிருக்கிறது. மலை ஏறும்போது ஆயில் சூடாகி இளகியிருக்கும், கசிவும் கூடியிருக்கும். சித்தப்பா வண்டி நிறுத்தும் இடம் மண் தரை. சொட்டு விழுந்தது தெரியவே இல்லை.

புது வாஷர் போட்டு, ஆயில் அளவைச் சரிசெய்தோம். பிரஷர் ஸ்விட்ச்சைக் கழற்றிவிட்டு அந்த இடத்தில் மேஸ்திரி தன் கேஜை மாட்டினார். ஆயில் அதே மெல்லிய 0டபிள்யூ-20. இன்ஜின் நன்றாகச் சூடேறி, ரேடியேட்டர் ஃபேன் இரண்டு முறை ஓடி நின்ற பிறகு ஐடிலில் பார்த்தோம். முள் கையேட்டில் கொடுத்திருந்த எல்லைக்கு மேலேயே நின்றது. ஆக்ஸிலரேட்டரைக் கொடுத்தால் கேட்டபடி ஏறியது.

சித்தப்பா ஸ்டாண்டுப் பேச்சைக் கேட்டு நேராக 20-50 ஊற்றியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். ஊற்றும்போது அளவும் சரியாகியிருக்கும், விளக்கும் அணைந்திருக்கும். "பாத்தியா, கெட்டி ஆயில் கேட்டுருச்சு" என்று ஸ்டாண்டு முழுக்கப் பேசியிருப்பார்கள். வாஷர் மட்டும் சொட்டிக்கொண்டே இருந்திருக்கும். கொஞ்ச நாள் கழித்து விளக்கு மறுபடி சிமிட்டும்போது, அதைவிடக் கெட்டி என்ன கிடைக்கும் என்று தேடியிருப்பார்கள். காய்ச்சல் மாத்திரை போட்டுச் சூட்டை இறக்கிவிட்டு, உள்ளே இருக்கும் நோயை விட்டுவிடுவது மாதிரி.

"நம்ம வெயிலு அவனுக்குக் குளிரு"

சாயங்காலம் டீ குடிக்கும்போது மேஸ்திரி கேட்டார்: "சரி தம்பி, அளவு கம்மி, ஒத்துக்கறேன். ஆனா இவ்வளவு மெல்லிசா ஏன் குடுக்கறான்? கையில தொட்டுப் பாரு, பிசுக்கே இல்லை."

அவர் கையில் தொட்டது மேட்டுப்பாளையத்து முப்பது டிகிரியில். நான் நோட்டை எடுத்துக் கணக்குப் போட்டேன். டப்பா விவரத்தில் சாதாரணமாக 40 டிகிரிக்கும் 100 டிகிரிக்கும் பாகுத்தன்மை தருவார்கள். அந்த இரண்டு எண்ணை வைத்து மற்ற வெப்பநிலைகளுக்குக் கணக்கிட ஒரு சூத்திரம் இருக்கிறது. வழக்கமான ஒரு 20டபிள்யூ-40 ஆயிலையும், ஒரு 0டபிள்யூ-20 ஆயிலையும் எடுத்துக்கொண்டேன். எல்லாம் சுமாரான கணக்கு. பிராண்டுக்குப் பிராண்டு கொஞ்சம் மாறும்.

100 டிகிரியில் 20-40 ஆயில் 14.5, 0-20 ஆயில் 8.5. வித்தியாசம் இரண்டு மடங்குகூட இல்லை. 30 டிகிரியில் 20-40 சுமார் 225, 0-20 சுமார் 70. மூன்று மடங்கு. ஊட்டி உறைபனியில், பூஜ்ய டிகிரியில், 20-40 சுமார் 2,000, 0-20 சுமார் 350. ஆறு மடங்கு!

இதில் முக்கியமான விஷயம் ஊட்டி அல்ல. நம் மேட்டுப்பாளையம் காலையைப் பாருங்கள். இன்ஜின் வேலை செய்ய வேண்டிய நிலையில் 14.5 இருக்கும் அதே 20-40 ஆயில், நமக்கு வேர்த்துக்கொட்டும் முப்பது டிகிரியில் பதினைந்து மடங்கு கெட்டியாக இருக்கிறது. 'தண்ணி' என்று நாம் கேலி செய்யும் 0-20 ஆயிலும் முப்பது டிகிரியில், தான் சூடான நிலையைவிட எட்டு மடங்கு கெட்டி. அதாவது, கடையில் விரலில் தொட்டுப் பார்க்கும் எந்த ஆயிலும் இன்ஜினுக்குத் தேவையானதைவிடக் கெட்டியாகத்தான் இருக்கும். விரலுக்கு 100 டிகிரி தெரியாது, தெரியவும் கூடாது!

மேஸ்திரி கொஞ்ச நேரம் எண்களையே பார்த்தார். "அப்போ நம்ம வெயிலு அவனுக்குக் குளிருன்னு சொல்லு" என்றார்.

அதேதான். நான் படித்த எந்தப் புத்தகமும் இதை இவ்வளவு சுருக்கமாகச் சொல்லவில்லை. வெளியே 10 டிகிரியோ 40 டிகிரியோ, தெர்மோஸ்டாட் என்று ஒன்று இருப்பதால் கூலன்ட் ஏறக்குறைய ஒரே சூட்டில்தான் நிற்கும். சாதாரண ஓட்டத்தில் ஆயிலும் 90, 100 டிகிரியை ஒட்டியே இருக்கும். ஆகவே, வெயில் கூடினால் அதே அளவுக்கு ஆயிலும் இளகிவிடும் என்பது சரியல்ல. ஆயிலை உண்மையில் சூடாக்குவது வெயிலைவிட வேலைதான். முழுப் பாரம், இரண்டாவது கியர், நீண்ட ஏற்றம் — இவைதான் ஆயிலை 100-க்கு மேல் கொண்டுபோகும். அதற்காகத்தான் ஜே300-ல் 150 டிகிரியில், கடும் உராய்வில் வைத்து இன்னொரு சோதனை இருக்கிறது. அதில் 20 தரம் குறைந்தது 2.6-ம், 30 தரம் 2.9-ம் வாங்கித் தேற வேண்டும்.

ஒரு கார்க் அடைப்பான் சொன்ன பாடம்

இரண்டாம் ஆண்டில் ரெனால்ட்ஸ் எண் படித்து அல்லல்பட்டவர்களுக்கு இது பிடிக்கும். 1883 வாக்கில் இங்கிலாந்தில் பீச்சம் டவர் என்பவர் ரயில் அச்சு பேரிங்குகளைச் சோதித்துக்கொண்டிருந்தார். பேரிங்கின் மேல்பகுதியில் ஆயில் விட ஒரு துளை போட்டார். அச்சு சுழலும்போது ஆயில் உள்ளே போவதற்குப் பதிலாகத் துளை வழியே மேலே வந்தது. கார்க் வைத்து அடைத்தார், தள்ளிவிட்டது. மரக்கட்டையால் அடைத்தார், அதையும் தள்ளிவிட்டது. சுழலும் அச்சு தானே ஆயிலை இழுத்து, ஒரு அழுத்தப் படலத்தை உண்டாக்கி, அதன் மேல் மிதக்கிறது என்று தெரிந்தது. 1886-ல் அதற்குக் கணக்கு எழுதியவர்தான் நம் ஆஸ்போர்ன் ரெனால்ட்ஸ்.

கிராங்க் ஷாஃப்ட் பேரிங்கிலும் இதே கதைதான். இடைவெளி ஒரு மில்லிமீட்டரில் நூறில் சில பங்கு. அந்த இடைவெளி, சுழலும் வேகம், சுமை, ஆயிலின் பாகுத்தன்மை — நாலும் சேர்ந்துதான் படலம் நிற்கிறது. மூன்றை இன்ஜின் செய்தவன் முடிவு செய்துவிட்டான். நாலாவதை மட்டும் நாம் ஸ்டாண்டுப் பேச்சில் முடிவு செய்யலாமா?

மெல்லிய ஆயில் மைலேஜுக்காகத்தானே என்று ஒரு பேச்சு உண்டு. உண்மைதான், எரிபொருள் மிச்சம் என்பது ஒரு பெரிய காரணம். ஆனால் ஆயிலை மட்டும் மெல்லிசாக்கிவிட்டு அவர்கள் கைகட்டி நிற்கவில்லை. பேரிங், பம்பு, மேற்பரப்பு மெருகு எல்லாவற்றையும் அந்த ஆயிலுக்கேற்பவே வடிவமைக்கிறார்கள். இன்றைய இன்ஜின்களில் வால்வு டைமிங்கை மாற்றுவதும், டைமிங் செயினை இறுக்கிப் பிடிப்பதும்கூடப் பலவற்றில் ஆயில் அழுத்தம்தான். அந்தச் சின்னத் துவாரங்கள் வழியாகக் கெட்டி ஆயில் மெதுவாகத்தான் போய்ச் சேரும்.

"ஆனா கெட்டி ஆயில் ஊத்துனா கேஜுல பிரஷர் கூடுதே?" என்று மேஸ்திரி விடவில்லை. கூடும். குழாயில் தண்ணீர் போக வழியில்லாமல் அடைத்தாலும் பிரஷர் கூடத்தான் செய்யும், குடம் நிறையாது. எல்லை தாண்டினால் ரிலீஃப் வால்வு திறந்து ஆயிலைச் சுற்றுக்கு விடாமல் திருப்பிவிடும். காலையில் ஸ்டார்ட் செய்த முதல் நிமிஷத்தில் நமக்கு வேண்டியது கேஜில் பெரிய எண் அல்ல. கேம் ஷாஃப்ட்டுக்கு ஆயில் சீக்கிரம் போய்ச் சேர வேண்டும்.

அதற்காக மேஸ்திரி இத்தனை வருஷம் செய்தது தப்பு என்று நான் சொல்லமாட்டேன். அவர் பழகிய இன்ஜின்களுக்கு அந்தக் கெட்டி ஆயில்தான் பொருத்தம். இன்றும் பழைய இன்ஜின் வைத்திருப்பவர்கள் 20-40, 20-50 ஊற்றுவது அதனால்தான். அவருடைய விதி சரியான விதி. இன்ஜின்தான் மாறிவிட்டது.

கடைசியில் என்ன ஊற்றினோம்?

0டபிள்யூ-20-ஐயே தொடரலாமா, 5டபிள்யூ-30-க்குப் போகலாமா என்று மூன்று பேரும் பேசினோம். கையேடு இரண்டுக்கும் அனுமதி கொடுத்திருக்கிறது. ஊருக்குள் ஆபீஸ் போய்வரும் வண்டியாக இருந்தால் முதலாவதே போதும். சித்தப்பா வண்டியோ வாரத்தில் ஐந்து நாள் ஆளும் மூட்டையுமாக மலை ஏறுகிறது. ஆயில் 100-க்கு மேல் சூடாகிற வண்டி. 150 டிகிரி சோதனையில் கொஞ்சம் கூடுதல் மிச்சம் வைத்திருக்கும் 30 தரம் அதற்கு ஏற்றது. மைலேஜ் மயிரிழை குறையலாம். சித்தப்பா, "அது போனாப் போகுது" என்றார். 5டபிள்யூ-30 ஊற்றினோம்.

கெட்டி வேண்டும் என்று சொன்னவர்கள் பேச்சில் இருந்த உண்மை இவ்வளவுதான்: பாரமும் ஏற்றமும் இருந்தால் ஒரு படி மேலே போகலாம், கையேட்டின் பட்டியலுக்குள்ளே. பட்டியலுக்கு வெளியே இரண்டு மூன்று படி தாண்டுவது வேறு விஷயம்.

மேஸ்திரி தன் கணக்கு நோட்டில் சித்தப்பா வண்டி நம்பருக்கு நேரே ஆயிலின் எண்ணையும் எழுதினார். அதுவரை அந்த நோட்டில் ஆயில் என்றால் லிட்டர் மட்டும்தான் இருந்தது. நான் பயிற்சி முடித்துக் கிளம்பும்வரை, புதுசாக வந்த ஒவ்வொரு வண்டிக்கும் "புக்கை எடுத்துப் பாரு தம்பி" என்றார். அதற்கு முன்னால், "ஸ்டிக்கை உருவு." அந்த வரிசையை மட்டும் அவர் மாற்றவே இல்லை. மாற்றவும் கூடாது.

இளைய நண்பர்களுக்குச் சில வார்த்தை

உங்களிடமும் எல்லோரும் கேட்கத்தான் போகிறார்கள். அப்போது இவற்றை ஞாபகத்தில் வையுங்கள்.

1. முதலில் அளவு. சமதரையில் நிறுத்தி, இன்ஜினை அணைத்துச் சில நிமிஷம் கழித்து டிப்ஸ்டிக்கைப் பார்க்கச் சொல்லுங்கள். எவ்வளவு உயர்ந்த ஆயிலும் சம்ப்பில் இல்லாவிட்டால் பிரயோஜனமில்லை.

2. இரண்டாவது காலம். குறித்த கிலோமீட்டரோ குறித்த மாதமோ, எது முதலில் வருகிறதோ அப்போது மாற்ற வேண்டும். ஃபில்டரும், டிரெயின் பிளக் வாஷரும் அதோடு சேர்ந்ததே. வாஷரின் விலையைக் கேட்டால் சிரிப்பீர்கள். அது மிச்சம் பிடிக்கும் இடம் அல்ல.

3. மூன்றாவதுதான் எண். கையேட்டில் ஒரே எண் இருந்தால் அதுவே. பல எண்கள் இருந்தால், அந்தப் பட்டியலுக்குள் வண்டியின் வேலையைப் பார்த்துத் தேர்ந்தெடுங்கள். நம் தமிழ்நாட்டுச் சமவெளியில் டபிள்யூவுக்கு முன்னால் உள்ள எண்ணால் ஸ்டார்ட்டிங் தொல்லை வராது. ஆனாலும் சிறிய எண் என்றால் காலையில் ஆயில் வேகமாக மேலே போகும்.

4. எண் மட்டும் போதாது. தரக்குறியீடும் பொருந்த வேண்டும். பி.எஸ்.-6 விதி 2020 ஏப்ரல் முதல் தேதி அமலுக்கு வந்த பிறகு, டீசல் கார்களில் புகைக்கரியைப் பிடிக்கும் ஃபில்டர் வைக்கிறார்கள். சாம்பல் அதிகம் விடும் ஆயிலை ஊற்றினால், எண் சரியாக இருந்தாலும் அந்த ஃபில்டர் சீக்கிரம் அடைத்துக்கொள்ளும்.

5. ஆயில் விளக்கு எரிந்தால் வண்டியை ஓரங்கட்டி இன்ஜினை அணைக்கச் சொல்லுங்கள். 'அடுத்த ஊர் வரைக்கும் போயிடலாம்' என்பது கூடவே கூடாது. அது ஆயில் மாற்றச் சொல்லும் விளக்கு அல்ல. நில் என்று சொல்லும் விளக்கு.

நண்பர்களே, நாளைக்கு நாம் டிப்ளமோ வாங்கிக்கொண்டு வெளியே போவோம். ஒர்க்‌ஷாப்புகளில் நம்மைவிட இருபது, முப்பது வருஷம் கூடுதலாகக் கிரீஸ் பூசிய கைகள் இருக்கும். அந்தக் கைகளுக்குத் தெரிந்தது நமக்குத் தெரியாது. நம் நோட்டில் இருக்கும் எண்கள் அவர்களிடம் போய்ச் சேர்ந்திருக்காது. இரண்டும் ஒரே டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து பேசினால்தான், தவணை கட்டி வண்டி ஓட்டுகிறவர் நிம்மதியாக மலை ஏறுவார். சித்தப்பா இப்போதும் ஏறிக்கொண்டிருக்கிறார். தவணை குறைந்துகொண்டே வருகிறது. டிப்ஸ்டிக்கை மட்டும் தினமும் காலையில் ஒரு தரம் உருவிப் பார்த்துவிட்டுத்தான் சாவியைத் திருப்புகிறார்.